பச்சையாக இருந்த அருகம்புல்

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஒரு தனியார் கல்லூரியில் தோட்டப் பராமரிப்பு என் வேலை. நடைபாதை ஓரங்களில் களைக்கொல்லி அடிப்பதும் நான்தான். நல்ல செடி, களை என்று பார்க்காமல், பட்ட பச்சையையெல்லாம் கருக்கிவிடும் மருந்து அது. ஆனால் அடித்தவுடன் ஒன்றும் தெரியாது. புல் மஞ்சளாகச் சில நாட்கள் ஆகும்.

எச்சரிக்கைப் பலகை கேட்டபோது மேலாளர், "அட்மிஷன் நேரம்மா. மருந்துன்னு போர்டு வெச்சா பெத்தவங்க பயப்படுவாங்க. வாயால சொல்லிட்டு அடி" என்றார். அப்படியே சொல்லிவிட்டு அடித்தேன்.

அன்று விடுப்பில் இருந்த வாட்ச்மேன் அண்ணன் மறுநாள் காலை வந்ததும், வளாகத்துப் பிள்ளையாருக்கு அருகம்புல் சாத்திவிட்டு, மீதியைக் கழுவிக்கொண்டிருந்தார். வயிற்றுப்புண்ணுக்கு அதை அரைத்துக் குடிப்பது அவர் வழக்கம்.

"எங்கண்ணா பறிச்சீங்க?"

"நடைபாதை ஓரமாத்தாம்மா. எவ்ளோ பச்சையா இருக்குது பாரு."

"நேத்து மருந்து அடிச்ச புல்லுண்ணா அது" என்று பிடுங்கி எறிந்தேன். அவர் குழாயடியிலேயே கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிள்ளையார் மேல் கிடந்ததையும் எடுத்துப் போட்டேன்.

இப்போதெல்லாம் கயிறு கட்டி, நானே எழுதிய பலகையை நட்ட பிறகுதான் மருந்தைக் கலக்குகிறேன். மேலாளர் ஒருமுறை பலகையைப் பிடுங்கிப் போட்டார்.

"அப்போ டேங்க்கை நீங்களே மாட்டிக்கினு அடிங்க சார்" என்று, முதுகில் மாட்டும் மருந்து டேங்க்கை அவர் மேசைமேல் வைத்துவிட்டு வந்தேன். பலகை மறுபடி நிற்கிறது.

இன்னொரு முறை பிடுங்கட்டும், மருந்தே அடிக்க மாட்டேன். அவர் அறை வாசல்வரை புல் வளரும். பிள்ளையாருக்குச் சாத்த நல்ல புல்லாவது கிடைக்கும்.