நாயனம் வராத இசைத்தட்டு

பெர்லினில் என் வீட்டுச் சுவர் காலையிலிருந்து மதியம்வரை ஒரே சுருதியில் உறுமும். மதுரைப் பக்கம் எங்கள் விளாங்குடியில் டிரான்ஸ்பார்மர் அப்படி உறுமினால் லைன்மேனைத் தேடி ஆள் ஓடும். இங்கே பக்கத்து வீட்டு யூர்கன் அதை இசை என்றான். எலக்ட்ரானிக் பெட்டிகளை அடுக்கிவைத்து, மெட்டும் தாளமும் இல்லாமல் ஒற்றைச் சுருதியை நீட்டிக்கொண்டே போவான். வெளிநாட்டுக் கலைஞர் ஒருவரோடு சேர்ந்து இசைத்தட்டு போட வேண்டுமாம். அப்போதே எனக்கு அவன்மேல் சந்தேகம்தான். இருந்தும் வாய் சும்மா இருக்கவில்லை. என் அண்ணன் ஒத்து ஊதுகிறவர் என்று சொல்லிவிட்டேன்.

நாயனக்காரருக்குத் துணையாக ஒரே சுரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அண்ணன் வேலை. கல்யாணப் பத்திரிகையில் நாயனக்காரர் பெயர் இருக்கும். அண்ணன் 'குழுவினர்' என்ற சொல்லுக்குள் கிடப்பார். அவர் பெயரை ஒருமுறையாவது அச்சில் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு விடுமுறைக்கு யூர்கனும் டேப் ரெக்கார்டரோடு என்னுடன் மதுரைக்கு வந்தான். பஸ் ஹாரன் கேட்காத இடம் வேண்டும் என்றான். கீழக்குயில்குடி மலையடிவாரத்தில் அண்ணனை உட்காரவைத்தோம். அவர் என்னைத் தனியே அழைத்தார்.

"ஒத்து மட்டும் எதுக்கு தம்பி? நாயனம் ஆரு?"

"நாயனம் கிடையாதுண்ணே. இம்புட்டுத்தான்."

"பின்னாடி அவன் ஊதிச் சேத்துக்கிருவான். வெள்ளக்காரனுக்கு நான் ஒத்து ஊதணுமாக்கும்."

எனக்கும் அதே பயம். மேலே என்ன வாசிப்பாய் என்று யூர்கனைக் கேட்டேன். "மேலே எதுவுமில்லை. நான் அவருக்குப் பக்கத்தில்தான்" என்றான். நான் நம்பவில்லை. அண்ணன் அரை மனதாக ஊதிக்கொடுத்தார்.

ஆனால் தட்டு வந்தபோது அட்டையில் அண்ணன் பெயர்தான் முதலில் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த விடுமுறையில் ஊருக்குக் கொண்டுபோய், சவுண்டு சர்வீஸ் கடையில் போடச் சொன்னேன். அண்ணன் நின்றுகொண்டே கேட்டார். நாயனம் நுழையும் இடத்துக்காகக் காத்திருந்தார். கடைக்காரர் ஊசி சிக்கிவிட்டதோ என்று இரண்டு தடவை குனிந்து பார்த்தார். தட்டு முடிந்துவிட்டது.

"நாயனக்காரர வெட்டிப்புட்டாய்ங்க தம்பி. அவரு பேரத் தூக்கிட்டு எம்பேரப் போட்ருக்காய்ங்க. அடுத்தவன் எடம் எனக்கு வேணாம். எம்பேர எடுக்கச் சொல்லு."

அப்படி ஒருவர் இல்லவே இல்லை என்று எவ்வளவோ சொன்னேன்.

"நீயும் அவய்ங்களுக்குத்தான ஒத்து ஊதுவ" என்றார்.

பெர்லின் திரும்பியதும் யூர்கன் கதவைத் தட்டினான். அண்ணனுக்குப் பிடித்ததா என்று கேட்டான். உண்மையைச் சொன்னால் அடுத்த பதிப்பில் பெயர் போய்விடும். பிடித்தது என்றால் நானும் இவனுக்கு ஒத்து ஊதுகிறேன் என்று அண்ணன் சொன்னதே சரியாகிவிடும். நம் ஊர்ப் பாணியில் தலையை ஆட்டினேன்.

"யா? நைன்?" என்றான். ஆமாவா, இல்லையா என்று கேட்கிறான். என் தலை இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.