அனார்குல் கூடாரம் போட்ட கோடை

என் தங்கை அனார்குல் ஜெயித்தவை இவை. மருத்துவக் கல்லூரியில், மூன்றாம் முறை எழுதிய தேர்வில், ஓர் இடம். பதினோரு வருடம் டாக்டரே இல்லாமல் கிடந்த எங்கள் ஊர் மருத்துவ நிலையத்துக்கு, நாரின் நகருக்கு ஏழு தடவை அலைந்து வாங்கிய தடுப்பு மருந்து ஃபிரிட்ஜ். "இந்தப் பொண்ணு ஒரு குளிர்காலம் தாங்க மாட்டா" என்று சொன்ன வீடுகளில் இன்று அவளுக்கென்று தனியாக ஒரு தேநீர்க் கிண்ணம். பிறகு, கோடையில் நாங்கள் ஆடுகளோடு ஏறிக் குடியிருக்கும் மேய்ச்சல் மேட்டில் பதினான்கு குழந்தைகள். கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றிலும் கடினம். எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான்.

அவள் ஊருக்கு டாக்டராக வந்தது 2014 மார்ச் மாதம். ஜூன் வரைக்கும் ஒருவரும் தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டுவரவில்லை. நிலையத்து அலமாரியில் 'எங்கள் குழந்தைக்கு ஊசி வேண்டாம்' என்று பெற்றவர்களும் பெரியவர்களும் கையெழுத்திட்ட காகிதங்கள் ஒரு கட்டு இருந்தன. அதில் எங்கள் மேட்டுக் குழந்தைகளுடையவை பதினான்கு. முதல் காகிதம் முகன்பெத் மாமாவுடையது.

அவரைக் குறை சொல்ல முடியாது. அதற்கு இரண்டு வருடம் முன்பு ஜீப்பில் வந்த தடுப்பூசிக்காரர்கள் அவர் பேரனுக்கு ஊசி போட்டுவிட்டு மதியமே மலை இறங்கிவிட்டார்கள். அன்று மாலை காய்ச்சலில் பையனுக்கு வலிப்பு வந்தது. கேட்க ஆளில்லை. பையன் பிழைத்துக்கொண்டான், ஆட்டுக்குட்டிகளோடு ஓடித் திரிந்தான். ஆனால் அந்த மாலையை மாமா மறக்கவில்லை, மேட்டில் யாரையும் மறக்க விடவும் இல்லை. அந்த ஜூனில் அவருடைய பேத்தி பெகிமாய்க்கு வயது பதின்மூன்று மாதம். கீழ் ஊர்களில் தட்டம்மை பரவிக்கொண்டிருந்தது.

ஜூன் மூன்றாம் தேதி அனார்குலும் ஜீப்பில்தான் மேட்டுக்கு வந்தாள். ஜீப் சத்தம் கேட்டதுமே குழந்தைகளைப் பெரிய பிள்ளைகளோடு குதிரை ஓட்டுகிற சாக்கில் மலைக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். ஒன்பது கூடாரங்களிலும் தேநீர் கொடுத்தார்கள், குழந்தையைக் காட்டவில்லை. கிளம்பும்போது அவள் என்னைக் கேட்டாள்.

"அண்ணே, உன் பழைய கூடாரம் கிழிஞ்சுதான் கிடக்கா?"

"தைச்சா நிக்கும். எதுக்கு?"

"நான் குடிவரேன்."

மாவட்ட அலுவலகத்தில் சண்டை போட்டு அனுமதி வாங்கினாள். கோடையில் ஊரில் பாதிப் பேர் மேலேதான் இருப்பார்கள், கீழே இருப்பவர்களை நர்ஸ் பார்த்துக்கொள்வாள் என்று எழுதிக் கொடுத்தாளாம். ஜூன் பன்னிரண்டு, வியாழக்கிழமை, இரண்டு குதிரைகளில் அவளையும் சாமான்களையும் கொண்டுவந்து ஓடைக்கரையில் கூடாரம் போட்டேன். மருந்துப் பெட்டிக்கு வடசரிவுப் பள்ளத்திலிருந்து பனிக்கட்டி வெட்டி வந்தேன். பெட்டிக்குள் இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் இருக்கவேண்டும். காலையும் மாலையும் நானே பார்த்து எழுதி வைத்தேன். ஒருநாள்கூட எட்டைத் தாண்டவில்லை.

மேட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் அடுப்பு மூட்டும் முன், முன்பே வந்திருப்பவர்கள் சமைத்த உணவோடு போய்ப் பார்க்கவேண்டும். ஓருலுக் என்போம். டாக்டர் என்றால் தட்டிக் கழிக்கலாம், குடிவந்தவளை எப்படித் தட்டிக் கழிப்பது? மேட்டில் மூத்தவர் முகன்பெத் மாமா, அவர் முதலில் போகாமல் மற்றவர்கள் போக முடியாது. மதியம் வரை வாசலில் உட்கார்ந்து எங்களையே முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு ஆட்டுக்கறி சூப்புப் பாத்திரத்தோடு எழுந்து வந்தார்.

"ஜீப் எங்க டாக்டரம்மா? அதுவும் உன்னை விட்டு ஓடிப்போச்சா?"

"நான்தான் போகச் சொல்லிட்டேன் மாமா. சூப்பு ஆறுது, உள்ள வாங்க."

"எத்தனை நாளைக்கு இந்தக் கூத்து?"

"உங்க ஆடு மலை இறங்கற வரைக்கும்."

"செப்டம்பர்ல இங்க பனி விழும். பல்லு கிட்டிக்கும்."

"அப்ப உங்ககிட்டதான் கம்பளி கேப்பேன்."

அவருக்குப் பின்னால் எட்டுக் கூடாரத்தாரும் வந்தார்கள். ஒரு வாரம் ஒவ்வொரு வீட்டிலும் சாப்பிட்டாள். ஒருவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள், ஒருவர் காலில் சீழ் எடுத்தாள். ஊசி என்ற பேச்சையே எடுக்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

பதினெட்டாம் தேதி குதிரை வாங்க வந்த ஒருவர், கணவாய்க்குக் கீழே உள்ள ஊரில் நான்கு குழந்தைகள் தட்டம்மையில் படுத்திருப்பதாகச் சொன்னார். மறுநாள் காலை முகன்பெத் மாமா தன் கோட்டுக்குள் பெகிமாயைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். பின்னால் மருமகள் நூரிலா, அழுத முகத்தோடு.

"காய்ச்சல் வருமா?"

"வரலாம் மாமா. ஒரு வாரம், பத்து நாள்ல. வரவே வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன்."

"வந்தா?"

"உங்க கூடாரத்துலயே படுத்துப்பேன்."

"குறட்டை விடுவியா?"

"உங்க குறட்டைல அது எங்க கேக்கப் போகுது?" என்றேன் நான். நூரிலா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

அனார்குல் மருந்துப் புட்டியை எடுத்தாள். ஒரு புட்டியில் பத்துப் பேருக்கு மருந்து. பொடியில் நீரைக் கலந்துவிட்டால் ஆறு மணி நேரம்தான், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.

"இவ ஒருத்திக்காகவா பத்துப் பேர் மருந்தைத் திறக்கற?"

"இவ ஒருத்திக்காகத்தான் மாமா."

அவர் குழந்தையைக் கோட்டிலிருந்து வெளியே எடுத்தார். ஊசி போட்டு முடியும்வரை பேத்தியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு குதிரை ஏறினார். ஆடு மடக்குவதுபோல மேடு முழுக்கச் சுற்றி, பகல் இரண்டு மணிக்குள் இன்னும் ஒன்பது குழந்தைகளைக் கொண்டுவந்து சேர்த்தார். முதலில் வந்தவன் வலிப்பு வந்த அந்தப் பேரன். மீதி நான்கு பேர் மறுநாள்.

எட்டாம் நாள் பெகிமாய்க்குக் காய்ச்சல் வந்தது. அனார்குல் சொன்னபடியே அங்கே போய்ப் படுத்தாள். மூன்றாம் நாள் குழந்தை தாத்தாவின் தாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கோடையில் தட்டம்மை கீழே மூன்று ஊர்களைச் சுற்றியது. எங்கள் பதினான்கு பேரில் ஒருவரையும் தொடவில்லை. செப்டம்பரில் மாமா கேட்காமலே கம்பளி கொண்டுவந்து போட்டார்.

பெகிமாயின் தடுப்பூசி அட்டையை நூரிலா இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள். போன மாதம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மருத்துவர் கையெழுத்து என்ற கட்டத்தில், அப்பா பெயரையும் சேர்த்து, அவசரமில்லாமல் முழுப் பெயரும் எழுதியிருக்கிறாள் அனார்குல். டாக்டராக வந்து மூன்று மாதம் கழித்து, ஒரு குழந்தையின் அட்டையில் என் தங்கை முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள்: 2014 ஜூன் 19.