தல்லு, தள்ளு

தேதி போடாமல் நான் எதையும் எழுதி வைத்ததில்லை. இதற்கு மட்டும், லெந்து என்னும் தவக்காலத்தின் நடுவே வந்த ஒரு சனி, ஞாயிறு என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். திருவனந்தபுரத்தில் எங்கள் தமிழ்ச் சபை சிறியது. தேதி சொன்னால் ஆள் தெரிந்துவிடும்.

அந்த ஞாயிறு மாலை என் தங்கை தன் கணவரோடு வீட்டுக்குத் திரும்பிப் போவதாக ஏற்பாடு. லெந்து தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்திய வாரம் அவர் அறைந்ததில் அவளுடைய இடது காதின் சவ்வு கிழிந்திருந்தது. அது முதல் அறை அல்ல. ஆனால் அவள் வீட்டை விட்டு என்னிடம் வந்தது அதுதான் முதல் தடவை. போதகர் என் வீட்டுக்கு வந்து பேசினார். ஆராதனையில் ஓவியத்தையும் நடனத்தையும் நாடகத்தையும் எப்படிச் சேர்ப்பது என்று பழக, கல்லாற்றுக்கு மேலே ஒரு தியான இல்லத்தில் சபையார் கூடப்போகிறார்கள். இருவரும் வரட்டும், சேர்ந்து படம் வரையட்டும், சேர்ந்து ஜெபிக்கட்டும், முடிந்ததும் ஒரே வண்டியில் வீட்டுக்குப் போகட்டும் என்றார். எனக்குச் சம்மதமில்லை. தங்கைதான் சரி என்றாள்.

"பயலுக்கு ஒரு வீடு வேணும்லா அண்ணே. ஹாஸ்டல்ல இருந்து லீவுக்கு எங்க வருவான்?"

அந்தப் பயல், அவள் மகன், என் மருமகன், இஞ்சினியரிங் படிக்கிறான். பள்ளிக்கூடம், சிநேகிதம், சண்டை எல்லாம் மலையாளத்தில். வீட்டில் மட்டும் தமிழ். அவனும் வருவேன் என்றான். என் காரில் பின்னிருக்கையில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டான். வித்துரா தாண்டி மலை ஏறும்போது மாப்பிள்ளை, "ஏசி வேண்டாம் மச்சான், அவளுக்குக் காதுல காத்து அடிக்கும்," என்றார். அக்கறையாகவே சொன்னார். அவரிடம் எனக்குப் பிடிபடாதது அதுதான்.

மாப்பிள்ளையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் சபையின் பெரிய வெள்ளி நாடகத்தில் இயேசுவாக நிற்பவர் அவர். உயரம், மெலிந்த முகம், தணிந்த குரல். லெந்து தொடங்கியதும் தாடி விடுவார். அந்த நாட்களில் சந்தையில் அவரைக் கண்டால்கூடச் சபைப் பெண்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர் மனைவியை அடிப்பார் என்பதை நம்புவதற்கு அவர்களுக்கு ஒரு கிழிந்த காது போதவில்லை.

கூடுகையை நடத்த நெல்லைப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்திருந்தார். தூரிகையும் தெரியும், மேடையும் தெரியும், கெட்டிக்காரர். ஆனால் அவர் நாக்கில் 'ள' கிடையாது. தமிழ்நாட்டில் அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். எங்கள் பிள்ளைகள் மலையாளத்தில் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு 'ல'வும் 'ள'வும் உப்பும் சர்க்கரையும் மாதிரி.

"எல்லாரும் கைகலை மேல தூக்குங்க. உல்ல இருக்க பாரத்தை வெலிய விடுங்க," என்றார் அக்கா.

"அக்கா நாக்கு மேல வளையாதுடே," என்று பின்வரிசையில் ஒருவன் முணுமுணுத்தான். "சிமென்ட் போட்டு வச்சிருக்கு."

சனிக்கிழமை காலைப் பயிற்சி இதுதான்: ஆளுக்கொரு பழுப்புக் காகிதத்தைத் தரையில் விரித்து அதன்மேல் படுக்கவேண்டும். துணைக்கு வந்தவர் கரித்துண்டால் உடம்பைச் சுற்றிக் கோடு இழுப்பார். பிறகு அவரவர் வடிவத்துக்குள் எங்கே கர்த்தர் தொடவேண்டும் என்று தோன்றுகிறதோ அங்கே வர்ணம் தீட்டவேண்டும். மறுநாள் ஆராதனைக்காக எல்லாவற்றையும் அன்றே சுவரில் ஒட்டிவிடுவார்கள். தங்கைக்குக் கோடு இழுத்தவர் மாப்பிள்ளை.

நான் இரண்டு காகிதம் தள்ளிக் கிடந்தேன். அவர் அவளுடைய பாதத்தில் தொடங்கி, முழங்கால், இடுப்பு, தோள் என்று பொறுமையாக வந்தார். கரித்துண்டு கழுத்தைத் தாண்டியபோது அவளுடைய இடது கை தானாக எழுந்து காதை மூடிக்கொண்டது. அவர் நிறுத்தினார். அவள் கையை இறக்கவில்லை. இறக்க முயன்றாள் என்றுதான் நினைக்கிறேன், முடியவில்லை.

"அவளுக்கு எப்பவும் கூச்சமாக்கும்," என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சிரித்துவிட்டு, அவர் கையைச் சுற்றியும் கோடு போட்டார்.

சுவரில் ஒட்டியபோது மற்ற எல்லோரும் தூங்குகிறவர்களைப் போலக் கை நீட்டிக் கிடந்தார்கள். ஒரு உருவம் மட்டும் முழங்கையை உயர்த்தித் தலையைக் காத்துக்கொண்டு நின்றது. தங்கை அதில் ஒரு வர்ணமும் தீட்டவில்லை. அதன்முன் வந்தவர்கள் சற்று நின்றுவிட்டு அடுத்ததற்குப் போனார்கள்.

மதியம் நாடக ஒத்திகை. இயேசு பட்ட பாடுகளைச் சொல்லும் வேதப் பகுதியை நான் படிக்க, மற்றவர்கள் அதைப் பேச்சில்லாமல் நடிக்கவேண்டும். மாப்பிள்ளை வழக்கம்போல இயேசு. ரோமச் சேவகர்களாக இரண்டு பேர்: ஒருவர் பாங்கில் வேலை பார்க்கும் சபையார், மற்றவன் என் மருமகன். அவனை அந்த வேஷத்துக்குத் தேர்ந்தெடுத்தவர் போதகர். அப்பாவும் மகனும் சேர்ந்து ஒன்றைச் செய்தால் மனம் இளகும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

சாட்டையைப் பெண்கள் செய்திருந்தார்கள். ஒரு பிரம்புத் துண்டின் நுனியில் பழைய வேட்டியின் கீற்றுகளைக் கட்டி, சிவப்புச் சாயத்தில் முக்கியிருந்தார்கள். பட்டால் வலிக்காது, வெள்ளை அங்கியில் கோடு மட்டும் விழும். ரோமர்களின் சாட்டையில் எலும்பும் ஈயமும் கோத்திருந்தார்கள் என்று எங்கோ படித்ததை அக்காவிடம் சொன்னேன். "நமக்கு வேட்டியே போதும் சார்," என்றார்.

அவர் திட்டப்படி, அடிகள் முடிந்ததும் சேவகன் தூணில் கட்டிய கயிற்றை அவிழ்த்து, இயேசுவைத் தோளில் கைவைத்துத் தரையில் தள்ளவேண்டும். அக்கா ஓரத்தில் நின்று குரல் கொடுத்தார்.

"தம்பி, இப்ப தல்லு."

மருமகன் மறுபடியும் சாட்டையை வீசினான்.

"போதும்பா. தல்லு. தல்லு."

அவன் இன்னும் இரண்டு போட்டான். அக்கா தலையில் கைவைத்தார். பின்வரிசைப் பையன்கள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். பாங்கு ஆள் இடையில் புகுந்து விளக்கினார்: "அக்கா, மலையாளத்துல 'தல்லு'ன்னா அடி. நீங்க அடி அடின்னு சொல்லுதிய, அவன் அடிக்கான்."

"அடப்பாவி, நான் புஷ் பண்ணச் சொன்னேன்," என்றார் அக்கா.

"அது தள்ளு," என்று மருமகன் அழுத்திச் சொல்லிக் காட்டினான். அவனும் சிரித்தான். மாப்பிள்ளையும் தூணில் கட்டுண்டபடியே சிரித்தார். "எனக்க உயிர் ஒரு எழுத்துல தொங்குது," என்றார். நாற்பது பேர் போல இருந்த அந்தக் கூட்டத்தில் சிரிக்காதவர் இல்லை. தங்கைகூடப் புன்னகைத்தாள்.

பிறகு தேநீர். சமையற்கட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல்லருகே மாப்பிள்ளையும் தங்கையும் நின்றிருந்ததைப் பார்த்து நான் அந்தப் பக்கம் போனேன். அவர் அவளுடைய விரல்களைப் பிடித்திருந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் கணவன் மனைவியின் கையைப் பிடித்திருக்கிறான் என்றே தோன்றும். கிட்டப் போனதும்தான் விரல்கள் பின்னால் வளைந்திருப்பது தெரிந்தது.

"அந்தப் பேப்பரை நீயே போய்க் கிழிச்சுப் போடு," என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். "நாளைக்கு எல்லாரும் பாக்கதுக்கா? என்னைய நாணங்கெடுத்தணும்னே வந்தியா? வீட்டுக்கு வருவல்லா. அங்க வச்சுப் பேசுவோம்."

முகத்தில் சிரிப்பு மாறவே இல்லை. தங்கையின் உதடுகள் வெளுத்திருந்தன. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். அவர் உடனே விட்டுவிட்டார்.

"சும்மா பேசிட்டு நிக்கோம் மச்சான்."

"அண்ணே, நீங்க ஒண்ணும் கேக்காண்டாம்," என்றாள் தங்கை.

திரும்பினால், தேநீர் கிளாசோடு மருமகன் நின்றிருந்தான். கிளாசைக் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். நடுவிரலில் வீக்கம் ஏற ஏறத் தங்கை குழாய்த் தண்ணீரில் கையைக் காட்டிக்கொண்டு நின்றாள். இப்போதே கிளம்புவோம் என்றேன். ஞாயிறு முடியட்டும், போதகருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றாள். காகிதத்தை அவள் கிழிக்கவில்லை.

ஞாயிறு ஆராதனை ஆற்றைப் பார்த்த கூடத்தில் நடந்தது. தங்கை முன்வரிசையில். நான் ஓரத்தில் நின்று வாசித்தேன். மாப்பிள்ளை நீண்ட வெள்ளை அங்கியில், தலையில் எலுமிச்சை முள்ளால் பின்னிய முடியோடு வந்தார். பாங்கு ஆள் அவருடைய கைகளைத் தூணின் பின்னால் கட்டினார். கயிறு தளர்ந்திருந்தால் பொய்யாகத் தெரியும் என்று மாப்பிள்ளைதான் இறுக்கிக் கட்டச் சொல்லியிருந்தார்.

முதல் சில அடிகள் ஒத்திகை மாதிரியே விழுந்தன. வெள்ளையில் சிவப்புக் கோடுகள் ஏற ஏறப் பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு விசும்பினார்கள். அக்கா ஓரத்திலிருந்து மெல்லக் குரல் கொடுத்தார்.

"தல்லு."

மருமகன் அடித்தான். இம்முறை சத்தம் வேறாக இருந்தது. அடுத்த அடியில் துணிக்கீற்றுகள் கழன்று பறந்து பீடத்தின் விரிப்பில் போய் விழுந்தன. கையில் வெறும் பிரம்பு. தோளில் ஒன்று, விலாவில் ஒன்று, முழங்காலில் ஒன்று. மாப்பிள்ளை முதலில் வேஷத்துக்குள்ளேயே இருந்தார். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். பிறகு, "லேய்," என்றார். "போதும்லே." அதையும் நடிப்பென்று எண்ணி யாரோ ஸ்தோத்திரம் சொன்னார்கள். அடுத்த அடி இடது காதின்மேல் விழுந்தது. அவர் அலறினார். சாயமா ரத்தமா என்று தெரியாமல் கழுத்து வழியே இறங்கியது. பிரம்பு நடுவில் பிளந்து, பிளந்த சிம்பு ஒவ்வொரு வீச்சுக்கும் அங்கியைக் கிழித்தது. மருமகனின் முகத்தில் கோபம் இல்லை. பாத்திரம் தேய்க்கிறவனைப் போன்ற கவனம் மட்டும் இருந்தது.

நானும் பாங்கு ஆளும் அவனைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுத்தோம். போதகர் கட்டை அவிழ்த்தார்.

அவிழ்ந்த மாப்பிள்ளை மகனிடம் போகவில்லை. மூன்றே எட்டில் முன்வரிசைக்குப் போய் என் தங்கையின் முகத்தில் ஓங்கி அறைந்தார். அவள் நாற்காலியோடு பக்கவாட்டில் விழுந்தாள். விழுந்தவளின் தோளில் காலால் ஒரு உதை.

"இப்பிடியா பெத்து வளத்துருக்க? அப்பனை அடிக்கதுக்கா?"

வெள்ளை அங்கி, முள்முடி, தாடி. இயேசு ஒரு பெண்ணை உதைத்ததை அந்தக் கூடத்தில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். ஒரு குழந்தை வீறிட்டது.

முதலில் பேசியவர் அக்கா. அழுதுகொண்டே, தப்பு தன் நாக்கில்தான் என்றார். போதகர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். "ஒரு வார்த்தை மாறிப்போச்சு. பையன் தெரியாம அடிச்சுட்டான். இவர் வலியில நிதானம் விட்டுட்டார். அவ்வளவுதான்," என்றார். கூடத்தில் மூச்சுகள் அவிழ்ந்தன. ஆமாம், பாஷைக் குழப்பம், ஆமாம், நேற்றும் இதேதானே என்று தலைகள் அசைந்தன. முந்தின நாளே அந்த எழுத்து எல்லோருக்கும் விளக்கப்பட்டது, அவனே அதைச் சொல்லிக் காட்டினான், எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் ஒருவரும் அதை நினைவுகூர விரும்பவில்லை. நினைவுகூர்ந்தால் அந்த மாலை அந்தக் குடும்பம் ஒரே வண்டியில் வீட்டுக்குப் போக முடியாது.

போதகர் மருமகனின் தோளைத் தொட்டார். "மோனே, தப்பாக் கேட்டுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு. தீர்ந்துது."

அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் எழுந்து நாற்காலியை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

"தப்பாக் கேக்கல பாஸ்டர். அக்கா தள்ளத்தான் சொன்னாங்க. எனக்குத் தெரியும்."

மாப்பிள்ளை காதைப் பொத்தியபடி சிரித்தார். "கேட்டியளா எல்லாரும்? இவன் வாயாலேயே சொல்லியாச்சு. நான் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தா இவன் படிப்பு முடிஞ்சுது." பிறகு தங்கையிடம், "நீ வந்து வண்டியில ஏறு. நான் புகார் ஒண்ணும் குடுக்கல. வராட்டா இவன் உள்ள கிடப்பான்," என்றார்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நானும்தான். அவள் போய்விடுவாள் என்றே நினைத்தேன். பயலுக்கு வீடு வேண்டும் என்று வந்தவள், பயலுக்காகப் போகாமல் இருப்பாளா?

"நீங்க குடுக்காண்டாம்," என்றாள். ஒரு பக்க உதடு வீங்கிப் பேச்சு குழறியது. "நானே குடுக்கேன். அண்ணே, வண்டிய எடுங்க."

போதகர் குறுக்கே வந்தார். "அம்மா, மகனை யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சேன் பாஸ்டர். இன்னைக்கு அவனுக்குக் கை ஓங்கிட்டு. நான் திரும்பிப் போனா நாளைக்கு அவனுக்கும் இதுதான் வீடு."

யாரும் தடுக்கவில்லை. மாப்பிள்ளை படிவரை வந்து ஏதோ கத்தினார். பாங்கு ஆள் அவருடைய அங்கியைப் பிடித்து நிறுத்தினார். மருமகன் வண்டியில் ஏறாமல் நின்றதால் அவனை நான் பிடித்து உட்கார வைத்தேன். அவனுடைய உள்ளங்கையில் பிரம்புச் சிம்பு ஏறியிருந்தது. மலையிறங்கும் வளைவுகளில் இரண்டு தடவை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தான்.

"அம்மே, போலீஸ் வேண்டா," என்றான் இரண்டாம் தடவை வாயைத் துடைத்துக்கொண்டு. "நமக்கு மாமா வீட்டுக்குப் போவாம்."

அவள் சேலைத் தலைப்பை நனைத்து உதட்டில் வைத்திருந்தாள்.

வழியில் இருந்த போலீஸ் ஸ்டேஷனுக்குள் அவள் தனியாகத்தான் போனாள். என்னை வெளியே இருக்கச் சொன்னாள். நெடுநேரம் கழித்து ஒரு பெண் போலீஸ் அவளோடு வாசல்வரை வந்து, ஆஸ்பத்திரியில் காதையும் விரலையும் தோளையும் காட்டிச் சீட்டு வாங்கவேண்டும் என்று என்னிடம் மலையாளத்தில் சொல்லிவிட்டு, மருமகனை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்.

"எல்லாம் சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"கல்யாணம் ஆன வருஷத்துல இருந்து சொன்னேன்." மகன் பக்கம் திரும்பினாள். "மக்களே, நீ இன்னைக்கு அடிச்சதையும் சொல்லியிருக்கேன். நாளைக்குக் காலம்பற உன்னைய வரச் சொல்லியிருக்காவ. நானும் வாறேன்."

அவன் காரின் பின்கதவைத் திறந்து ஏறி, ஓரத்துக்கு நகர்ந்து, அவளுக்கு இடம் விட்டான்.