பாண் வண்டி மெட்டு

தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற எங்கள் லயத்துக்குக் காலையில் பாண் வண்டி வரும். ஓர் ஆட்டோ, பின்னால் பேக்கரிப் பாணும் பணிஸும் அடுக்கிய கண்ணாடிப் பெட்டி, மேலே ஒலிபெருக்கி. பாட்டும் கிடையாது, பேச்சும் கிடையாது. ஒரே மெட்டைத் திரும்பத் திரும்பக் கீச்சிட்டுக்கொண்டு பூனாகலை ரோட்டின் வளைவெல்லாம் ஏறி வரும். கொழுந்து பறிக்கப் போகிற அவசரத்தில் ரொட்டி சுடுகிறவளுக்கு அதைக் கேட்டால் தலைவலி வராமல் என்ன செய்யும்?

என் வீட்டுக்காரருக்கோ அது கச்சேரி. தேயிலை ஃபெக்டரி மெஷின் இரைச்சலில் ஆயுசில் பாதியைக் கழித்த மனிதர். வண்டி கீழ் வளைவில் திரும்பும்போதே "வந்துட்டான்" என்று சொல்லிவிட்டுப் பணிஸ் வாங்கக் கிளம்பிவிடுவார். கோயில் திருவிழாவிலும் தவில்காரருக்குப் பக்கத்தில்தான் நடப்பார். சாமியைப் பார்த்தாரா என்பது சந்தேகம்தான்.

"பாட்டுன்னா எழுதுனவன் சொன்னதத்தான் நெனைக்கணும். வெறும் மேளமும் நாதஸ்வரமும்னா நம்ம இஷ்டத்துக்கு நெனைச்சுக்கலாம், புள்ள" என்பார். இந்த வியாக்கியானத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

பாண் வண்டி மெட்டு ஒரே ஓர் இடத்தில்தான் நிற்கும். சாவு விழுந்த லயத்தில். எங்கள் தோட்டத்தில் தப்பு மேளம் அடிக்கிற அடியைக் கேட்டே சாவா திருவிழாவா என்று எவரும் சொல்லிவிடுவார். சாவுத் தப்பு கேட்டால் பாண்காரத் தம்பி மெட்டை நிறுத்திவிட்டுத்தான் மேலே ஏறுவான்.

போன மழைக்காலத்தில் என் வீட்டுக்காரருக்கு வாதம் அடித்தது. வலது கையும் வாயும் விழுந்துவிட்டன. பதுளை ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து அனுப்பும்போது டொக்டர் என்னிடம், "பேச்சு வரலாம். ஆனா அவரா முயற்சி பண்ணணும். விட்டுட்டாருன்னா கஷ்டம்" என்றார்.

வீட்டுக்கு வந்த இரண்டொரு நாளில் அவர் விட்டுவிட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். கஞ்சி கொடுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டார். கெஞ்சினேன், திட்டினேன், சாமிக்கு நேர்ந்தேன். முனகல்கூட வரவில்லை.

லயத்து ஜனங்கள் தங்கமானவர்கள். நாங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே, நோயாளி நிம்மதியாகக் கிடக்கட்டும் என்று பக்கத்துக் காம்பராவில் ரேடியோவை மூடினார்கள். திருவிழா மேளம் எங்கள் வாசலைக் கடக்கும்போது ஓய்ந்து போனது. பாண்காரத் தம்பியும் கீழேயே மெட்டை நிறுத்திவிட்டு வந்து, பணிஸை என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். யாரும் கேட்காமல் செய்த காரியம். எனக்குக் கண் கலங்கியது.

ஒரு நாள் அந்தத் தம்பிக்குக் காய்ச்சல். அவனுடைய மச்சான் வண்டியை எடுத்து வந்தான். விஷயம் தெரியாதவன், லயமே அதிர மெட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றான். நான் அகப்பையோடு பாய்ந்தேன்.

"நிப்பாட்டுய்யா! உள்ள ஆளு..."

உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் கிடந்த மனிதர் வாசல் பக்கம் திரும்பியிருந்தார். கோணிய வாயில் எச்சில் ஒழுகியது.

"வந்... வந்துட்... டான்."

அகப்பையைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதேன். அந்த மச்சான் மிரண்டு போய் மெட்டை நிறுத்தப் போனான். "நிறுத்தாத! போடு!" என்று அதற்கும் கத்தினேன். மனுஷன் என்னைப் பைத்தியம் என்றே நினைத்திருப்பான். அவன் நல்லாயிருக்கட்டும்.

அன்று மத்தியானம் அவர் கஞ்சி குடித்தார். அடுத்த நாளிலிருந்து தம்பி எங்கள் வாசலில் கொஞ்சம் கூடுதலாகவே மெட்டைப் போடுகிறான். எனக்குத் தலைவலி தீரவில்லை, தீரவும் வேண்டாம்.

ஓரளவு பேச்சு வந்த பிறகு ஒரு நாள் கேட்டேன். "அப்ப ஏன் அப்படிச் சுவத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்தீங்க?"

பணிஸை மென்றபடி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"நம்ம வாசல்ல... மெட்ட நிப்பாட்டிட்டாங்களே, புள்ள. நான் செத்துட்டேன்னு நெனச்சேன். சாவுத் தப்பு ஏன் இன்னும் அடிக்கலன்னு... பாத்துக்கிட்டுக் கெடந்தேன்."