முகம் விழுந்த பிலிம்

கண்ணகைக்குச் சோறு போட்டதே முகங்கள்தான். கணவன் சவூதிக்குப் போன பிறகு புளியந்தீவு ஸ்டூடியோவை அவள்தான் நடத்தினாள். தொண்ணூறுகளின் தொடக்கம். அடையாள அட்டை இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போக முடியாத காலம். ஊரே வந்து அவளுடைய முக்காலியில் உட்கார்ந்து எழுந்து போனது. முகத்தில் வெளிச்சத்தை அளப்பாள், எடுப்பாள், இருட்டறைக்குள் போவாள். முக்காலிக்கும் இருட்டறைக்கும் இடையே ஒன்பதடி. அவளுடைய உலகம் அவ்வளவுதான்.

ஒரு பின்னேரம், மிச்சமிருந்த பிலிமோடு வாவிக்கரைக்குப் போனாள். சூரியன் இறங்குகிறது. அதற்கு நேர் முன்னால், தோணியில் துடுப்பைத் தோளில் போட்டபடி இறால் விற்கிற வினாயகமூர்த்தி நிற்கிறான். பழக்கதோஷத்தில் அவன் முகத்தில் அளந்து ஒரு படம் எடுத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, கமராவை வானத்துக்குத் திருப்பி அங்கே அளந்து, அந்த அளவிலேயே அவனை இன்னொன்று எடுத்தாள்.

கழுவி, தாளில் அடித்து, இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். முதல் படத்தில் அவன் மீசை மயிர்கூடத் தெரிந்தது; வானம் வெறும் வெள்ளைத் தாள். இரண்டாவதில் வானம் அத்தனை சாயலோடும் இருந்தது. அவனோ கத்தியால் வெட்டி ஒட்டியதுபோல முழுக் கறுப்பு. ஆளை வெளிச்சத்துக்கு முன்னால் நிறுத்தி, அளவை வெளிச்சத்துக்கு வைத்தால் ஆள் கறுப்பாகிவிடுகிறான். இவ்வளவுதானா? ஒன்பது வருடம் படம் எடுத்தும் தெரியாமல் போயிற்றே.

முதல் தாளைக் குப்பையில் போட்டுவிட்டு, இரண்டாவதைப் பெரிதாக அடித்து வாசல் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாள்.

“என்ட மூஞ்சி எங்க கா?” என்றான் வினாயகமூர்த்தி.

“உன்ட மூஞ்சியைப் பாத்தா ஆரும் கடைக்குள்ள வருவாங்களா?”

“அப்ப கரிச்சட்டியை வெச்சிருக்கலாமே. செலவு மிச்சம்.”

மூன்றாம் நாள் ஓர் இராணுவ அதிகாரி வந்தார். பெட்டியைக் காட்டி, “இது யாரு? தோள்ல துவக்கு” என்றார்.

அப்போதுதான் கண்ணகைக்கும் அது துப்பாக்கிபோலத் தெரிந்தது. துடுப்பின் அகன்ற இலை அவன் தலைக்குப் பின்னால் போய்விட்டது. முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது காம்பு மட்டும். கறுப்பில் முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் ஒன்றாகிவிடுகின்றன. இதை அவள் கவனிக்கவே இல்லை.

“துடுப்பு சேர். கொஞ்சம் இந்தப் பக்கம் கிறுகி நிண்டிருந்தா இலை தெரிஞ்சிருக்கும்.”

“பேரு?”

“தெரியா சேர். தோணிக்காரர் ஆரோ.”

“அப்ப மூஞ்சி தெரியிற மாதிரி அடி. பிலிமும் வேணும்.”

இருட்டறைக் கதவுக்கு வெளியே ஒரு சிப்பாய் நின்றான். வெளிச்சத்தைக் குறைத்து அடித்தாள். தாளில் கறுப்பு சாம்பலானது, அவ்வளவுதான், கண்ணுமில்லை, மூக்குமில்லை. பிலிமில் அந்த இடம் வெறுமை. அதிலிருந்து எவனாலும் முகம் எடுக்க முடியாது. ஆனால் அதே துண்டில், ஒட்டினாற்போல, முதல் படம். வெட்டி எறியலாம் என்றால், ஓரத்தில் எண்கள் ஓடுகின்றன, ஒன்று குறைந்தால் கேட்பார்கள். கதவு தட்டப்பட்டது.

பிலிமை நனைத்தாள். திருத்தம் செய்கிற சிறு கத்தியை எடுத்தாள். முகம் நெற்றிப்பொட்டு அளவுதான் இருந்தது. சுரண்டினாள்.

அதிகாரி துண்டை யன்னலுக்கு நேரே பிடித்தார். “இது என்ன?”

“பழுதாப் போன படம் சேர்.”

நெடுநேரம் பார்த்தார். பிலிமைப் பையில் வைத்துக்கொண்டு, பெரிய படத்தை மேசையில் எறிந்தார். “இனி எல்லா றோலும் முகாமுக்கு வரணும்.”

அதன் பிறகு அவள் வாவிப்பக்கம் கமராவோடு போகவில்லை.

நான்கு மாதம் கழித்து வினாயகமூர்த்தியின் தாய் ஆச்சிப்பிள்ளை வந்தாள். இராணுவச் சுற்றிவளைப்பில் மகனைக் கொண்டுபோய்விட்டார்கள். காணாமற்போனவர்களைப் பற்றி முறைப்பாடு எழுதுகிற இடத்தில் அவன் படம் கேட்கிறார்கள்.

“அட்டைப் படம் முந்தி வேற ஊர்ல எடுத்தது; அட்டையும் அவன்ட சேட்டுப்பைக்குள்ள போயிற்று. வேற படம் இல்ல. நீ எடுத்தியாமே புள்ள.”

கண்ணகை கறுப்புப் படத்தைக் கொண்டுவந்து வைத்தாள். ஆச்சிப்பிள்ளை அதன் ஓரத்தைத் தடவினாள்.

“வலத்தோள் இறக்கம். இவன்தான். இது ஒண்டே காணாதா?”

“காணாது மாமி. கண்ணு மூக்குத் தெரியோணும்.” கண்ணகை படத்தைக் கவிழ்த்து வைத்தாள். “முகம் விழுந்த படம் ஒண்டு இருந்திச்சு. ஆமிக்காரர் கேட்டு வந்தாங்க. நான்தான் சுரண்டினன்.”

கிழவி அவளை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று கண்ணகை காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அண்டைக்கு அவனைக் காப்பாத்தித்தானே இரிக்காய்” என்றாள் ஆச்சிப்பிள்ளை. மெல்லப் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “என்னை உரிச்சு வெச்ச மூஞ்சி அவனுக்கு எண்டு சனம் சொல்லும். என்னை எடு. பாக்கிறவனுக்கு விளங்கும்.”

விளங்காது என்று கண்ணகைக்குத் தெரியும். ஆனால் அந்த முறைப்பாட்டுத் தாளில் ஒட்ட வேறு முகம் இல்லை. விளக்கைப் போட்டாள்.