விளிம்பில் ஒரு கோடு

போன வியாழக்கிழமை ஷோபா வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே என்னிடம் வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு பழைய வெள்ளி ரூபாயை என் கையில் வைத்தாள்.

"தப்பா எங்ககிட்ட வந்திருச்சு ஆஜி. எடுத்து உள்ள வையுங்க."

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. ஏன் என்று சொல்கிறேன். சொல்லத்தான் வேண்டும்…

ஷோபா பதினோரு வருஷமாகக் கிர்க்கியில் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். மராட்டிக்காரி; என்னை ஆஜி, அதாவது பாட்டி, என்பாள். நான் பேசுவது பாதி இந்தி, பாதி மராட்டி, நடுநடுவே தமிழ். அது முழுசாகப் புரிகிற ஆள் இந்த ஊரில் அவள் ஒருத்திதான். நாலு பேர் கூடினால் வாயைத் திறக்காத நான், அவளிடம் மட்டும் ஓயாமல் பேசுவேன்.

என்னிடம் ஆறு வெள்ளி ரூபாய் இருந்தது. ஐந்து, மாமியார் கொடுத்த ராணி தலை. ஒன்று, எங்கள் வீட்டுக்காரர் பேக்டரிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் பழைய சாமான் சந்தையில் வாங்கி வந்தது. கிரீடம் வைத்த ராஜா தலை. தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் வருகிற தன்தேரஸ் அன்று ஆறையும் பாலில் கழுவிக் குங்குமம் வைத்து லட்சுமி முன்னால் அடுக்குவேன். இந்த ஊருக்கு வந்து பிடித்துக்கொண்ட பழக்கம்.

இந்தத் தீபாவளிக்கு முன்னால், இதே ஊரில் கராடிப் பக்கம் தனியாகக் குடியிருக்கிற மகன் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். பழைய வெள்ளிக் காசில் நிஜம் எது, கள்ளம் எது? நாலு தடவை பார்த்தேன். அஞ்சாம் கிளாஸோடு நின்றவளுக்கு ஒரு பாடம் முழுசாகப் புரிந்துவிட்டால் சும்மா இருக்க முடியுமா?

பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தைப் பிடுங்கிக் காசுகளிடம் காட்டினேன். எதுவும் ஒட்டவில்லை. நல்லது. அடுத்து, ஒவ்வொன்றாகச் சமையலறைக் கடப்பாக்கல் மேடையில் தட்டினேன். ஐந்தும் மணி மாதிரி நீளமாகக் கேட்டன. ராஜா தலை மட்டும் 'டக்' என்று நின்றுவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதன் விளிம்பைப் பார்த்தேன். சுற்றிலும் நடுவாக ஒரு கோடு ஓடியது… இரண்டு தகட்டை ஒட்டினமாதிரி. வீடியோவில் அந்த ஆள் சொன்னதும் அதுதானே? விளிம்பில் ஒட்டுக் கோடு இருந்தால் கள்ளக் காசு!

மருமகள் இங்கே வரும்போது கேக்குக்கு மாவு நிறுக்கிற சின்னத் தராசிலும் வைத்துப் பார்த்தேன். ராணி எவ்வளவோ, ராஜாவும் அவ்வளவு. எடை சரி. ஆனால் அதை நான் கண்டுகொள்ளவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் சரியாக இருக்கிறதெல்லாம் எங்கே கண்ணில் படுகிறது? சுவரில் இருந்த வீட்டுக்காரர் போட்டோவைப் பார்த்து, "இப்படி ஏமாந்துட்டீங்களே" என்றுகூடச் சொன்னேன்.

கள்ளக் காசை லட்சுமி முன்னால் வைக்கக் கூடாது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

அப்போதுதான் ஷோபாவின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. கல்யாணப் பெண்ணை வீட்டுக்குக் கூப்பிட்டு, மணையில் உட்காரவைத்து, தேங்காய், அரிசி, ரவிக்கைத் துண்டு, ஒரு காசு எல்லாவற்றையும் அவள் முந்தானையில் இடுவார்கள் இங்கே. ஓட்டி நிரப்புவது என்று பெயர். நம் ஊரில் மடி நிறைப்பது மாதிரிதான்.

நானும் நிரப்பினேன். எந்தக் காசு என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

அதோடு வாயை மூடிக்கொண்டாவது இருந்தேனா? "பழைய வெள்ளி ரூபாய்" என்று எடுத்துச் சொல்லித்தான் போட்டேன். ஷோபா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பெண் காலில் விழுந்தது. கள்ளம் என்று நான் நம்பிய காசை மடியில் போட்டுவிட்டு, அதே கையால் அந்தப் பெண் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணினேன்.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன். மகள் கழுத்தில் கோத்துக்கொள்ள ஒரு வளையம் வைக்கலாம் என்று ஷோபா அந்தக் காசைத் தட்டானிடம் கொண்டுபோயிருக்கிறாள். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, இதில் ஏன் ஓட்டை போடுகிறாய், அசல் ராஜா காசு, பத்திரமாக வை என்றாராம். யுத்த காலத்தில் வெள்ளி கிடைக்காமல் பாதிக்குப் பாதி வேறு உலோகம் கலந்து அடித்தார்களாம். அதனால்தான் சத்தம் குறைவு. விளிம்பில் ஓடுகிற கோடு? கள்ளக் காசு அடிக்கிறவன் காப்பி அடிக்க முடியாதபடி சர்க்காரே போட்ட கோடாம் அது.

கள்ளனைத் தடுக்கப் போட்ட கோட்டைப் பார்த்துத்தான் நான் அதைக் கள்ளம் என்றேன்.

வெள்ளி என்று நான் சொன்னது பேச்சுக்குத்தான், கடையில் விற்கிற முலாம் காசாக இருக்கும் என்று ஷோபா நினைத்திருந்தாளாம். எல்லாரும் கொடுப்பது அதுதானே. இதுவோ சாஹேப், அதாவது எங்கள் வீட்டுக்காரர், ஞாபகமாக நான் வைத்திருந்தது, வயசான கை மாற்றி எடுத்துவிட்டது என்று திருப்பிக் கொண்டுவந்திருக்கிறாள்.

அந்த நிமிஷமாவது உண்மையைச் சொன்னேனா? இல்லை. "தெரிஞ்சுதான் குடுத்தேன், வச்சுக்கோ" என்றேன். அவள் குனிந்து என் காலைத் தொட்டாள்.

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். சனிக்கிழமை, அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, அவள் முகத்தைப் பார்க்காமல், குழாயைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். காந்தம், கோடு, ஓட்டி, பொய்… எல்லாம்.

ஷோபா குழாயை மூடினாள். வேலையை விட்டுவிடுவாளோ என்று பயந்தேன். அவள் கோபப்படவில்லை. கொஞ்சம் சிரித்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

"இனிமே நீங்க கேட்டாலும் அந்தக் காசைத் தரமாட்டேன் ஆஜி" என்றாள். கையைத் துடைத்துக்கொண்டு, சண்டை போடுகிற குரலில் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள நினைக்கிறவள் மாதிரி ஒன்று கேட்டாள்.

"நல்ல காசு அஞ்சு இருந்துச்சே… அதுல ஒண்ணைக் குடுக்கணும்னு உங்களுக்கு ஏன் தோணல?"

தேய்த்த பாத்திரங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன். உங்களுக்குப் பதில் தெரிந்திருக்கும்… தயவுசெய்து எனக்கு எழுதிப் போடாதீர்கள்.