விளக்குப் போட்ட மீன்கள்

சண்டையில் ஜப்பான்காரன் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் நாங்கள் கடலுக்குப் பக்கமாகக் காஜா பெராங்கில் இருந்தோம். கணவர் கிளேபாங் பக்கம் மரவள்ளி போட்டு, பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடுவார். வீட்டில் நானும் ஆறு வயது மகளும். பின்னறையில் என் கொழுந்தனார்.

கடலடியில் தந்திக் கம்பி பதிக்கும் கப்பலில் வேலை பார்த்தவர் அவர். குண்டு விழுந்து கப்பல் மூழ்கியபோது ஒரு பலகையைப் பிடித்து மிதந்து பிழைத்தார். வீடு வந்தபிறகு பேச்சே இல்லை. சாப்பாட்டை வைத்தால் சாப்பிடுவார். வாசலுக்குக்கூட வரமாட்டார்.

ஒருநாள் தெங்கேரா கரைக்குப் போய், மீனவர்களிடம் மரவள்ளிக் கிழங்கைக் கொடுத்துக் காரல் மீன் வாங்கி வந்தேன். வீடு சேர்வதற்குள் இருட்டிவிட்டது. மண்ணெண்ணெய் கிடையாது, இருந்தாலும் குண்டுவீச்சுக்குப் பயந்து ராத்திரியில் விளக்கேற்ற ஜப்பான்காரன் தடை போட்டிருந்தான். மீனைச் சட்டியில் கொட்டியதுதான் தாமதம், மகள் கத்தினாள்.

“அம்மா! மீன் எரியுது!”

மீன்களின் வயிற்றோரம் நீலமாக மினுங்கியது. எனக்கும் பயம்தான். சத்தம் கேட்டுக் கொழுந்தனார் வந்து சட்டியருகே குந்தினார்.

“பயப்படாதீங்க அண்ணி. இதுங்க உடம்பே அப்படித்தான்.”

எத்தனை மாதம் கழித்துக் கேட்ட குரல்!

“இது கரையோர மீன். நடுக்கடல்ல, வெயில் எட்டியும் எட்டாத ஆழத்துல, வயிறு நெடுக வரிசையா விளக்கு வச்ச மீனெல்லாம் இருக்கு. விரல் நீளந்தான் இருக்கும். பகல் முழுக்கக் கீழேயே கிடக்கும். பொழுது சாஞ்சதும் இரை தேடி மேல வரும், விடியறதுக்குள்ள இறங்கிடும். கப்பலோரமா வலையில அள்ளியிருக்கோம். கண்ணாடி மாதிரிக் கணவாய் மீனும் வரும். உள்ளே குடல் தெரியும்.”

“சித்தப்பா, விளக்கை அணைக்கச் சொல்லி ஜப்பான்காரன் அதுங்களை அடிக்கமாட்டானா?”

அவர் சிரித்துவிட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தேன்.

அதன்பிறகு மகள் அவரை விடவில்லை. உடம்பைவிட வாய் பெரிதான மீன், குடை மாதிரி விரியும் சொறிமீன் என்று அடுப்புக்கரியால் சுவரெல்லாம் வரைந்து காட்டினார். அதெல்லாம் இருக்கிற கடலை நேரில் பார்க்கவேண்டும் என்று அவள் அடம்பிடித்ததில், ஒரு காலை அவளைத் தூக்கிக்கொண்டு தெங்கேரா கரைக்கு என்னுடன் வந்தார். அலையைப் பார்த்ததும் அவளை என்னிடம் கொடுத்துவிட்டார். அப்படியே நின்றவர், மெல்ல முழங்கால் தண்ணீர்வரை இறங்கினார். அடுத்த வாரம், கரையோரத் தண்ணீரில் வலையைத் தள்ளிக்கொண்டே நடந்து கூனிறால் என்ற பொடி இறாலைப் பிடிக்கிறவர்களோடு சேர்ந்துகொண்டார். எங்கள் கிழங்குக்குத் தொட்டுக்கொள்ளக் கூனிறால் கிடைத்தது.

சண்டை முடிந்ததும் பழையபடி கம்பிக் கப்பலுக்கே ஆள் எடுத்தார்கள். பேர் கொடுத்துவிட்டுப் பெட்டி கட்டிய கொழுந்தனாரிடம், “பயமில்லையா தம்பி?” என்றேன்.

“இருக்கு அண்ணி. ஆனா அந்த விளக்கு மீனுங்களை இன்னொரு தடவை பார்க்கணும்.”